பண்டிகைக்கு முந்தின சாயங்காலம்

அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அம்மாவைத்தான் காணோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஒவ்வொரு அறையாகக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

யூதர்களின் எக்காளப் பண்டிகையன்று இயேசு வந்து நல்லவர்களை நின்ற இடத்திலிருந்தே வானத்துக்கு அழைத்துப் போவார் என்று போதகர் சொல்லியிருந்தார். நாளைக்குத்தானே என்று மனந்திரும்புவதைக் காலைக்குத் தள்ளிவைத்திருந்தாள். யூதர்களுக்கு முந்தின சாயங்காலமே நாள் பிறந்துவிடும் என்பது இப்போதுதான் உறைத்தது.

போதகருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஐயா, நீங்க போகலையா?"

"இல்லம்மா. என் வீட்ல யாரையும் காணோம். உங்கம்மா இருக்காங்களா?"

மாடியிலிருந்து துணிக்கூடையோடு அம்மா இறங்கி வந்தாள். "பால் பொங்குது, யாருகிட்டடி பேச்சு?"

"இருக்காங்க ஐயா."

"ஸ்தோத்திரம்" என்று பெருமூச்சு விட்டார் போதகர். அவளும் விட்டாள்.

இனி ஞாயிற்றுக்கிழமை, "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்" என்று இரண்டு பேரும் எந்த வாயால் ஜெபிப்பது?