பத்தாம் பக்கத்து டாக்டர்

கல்லலிலிருந்து பஸ் ஏறி காரைக்குடிக்கு வந்த பாண்டிமுருகன், கிரைம் எழுத்தாளர் சிவபிரகாஷின் மேஜைமேல் இரண்டு நாவல்களை வைத்தார்.

"ஒங்க நாவல் எண்ணூத்திச் சொச்சம் படிச்சவன் சார் நான். இந்த 'மூன்றாவது டம்ளர்' தொண்ணூத்தி நாலுல வந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் கொலைகாரன் யாருன்னே தெரியல. பயத்துல மூணு நாளு எந்த டம்ளரையும் தொடல."

"சந்தோஷம்."

"இது போன மாசம் வந்த 'விஷம் வேண்டுமா மேடம்'. பத்தாம் பக்கத்துலயே டாக்டர்தான் கொலைகாரன்னு சொல்லிட்டேன். இப்பல்லாம் ஏனோதானோன்னு எழுதுறீக. பேரு கெடுறதுக்குள்ள எழுதுறதை நிப்பாட்டிருங்க சார்."

தண்ணீர் கொண்டுவந்த ஹேமாவதி கணவரைப் பார்த்தாள்.

"நிப்பாட்டி ஆறு வருசமாச்சு. கை நடுக்கம்," என்றார் சிவபிரகாஷ். "பதிப்பகத்துக்காரர் பழைய கதைகளையே தலைப்பையும் ஆள் பேரையும் மாத்திப் போடுறார். நீங்க கொண்டாந்த ரெண்டும் ஒரே நாவல்."

பாண்டிமுருகன் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டையும் அருகருகே விரித்து, விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். பெயர்களைத் தவிர ஓர் எழுத்துகூட மாறவில்லை. அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"நீங்க என்ன சொன்னாலும் சரி சார், பழசுல இருக்கிற வேகம் புதுசுல இல்ல."

'மூன்றாவது டம்ளரில்' மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"புதுசு இங்கயே இருக்கட்டும். ஒருதடவை படிச்சுப் பாருங்க, ஒங்களுக்கே தெரியும்."