பெட்டி வந்த வீடு

“நிப்பாட்டாதை, விமலா. வாசி.”

விமலேஸ்வரி சுவரோடு சாய்ந்து, மடியில் இருந்த புத்தகத்தில் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது.

காலையில் விறகுக் குவியலுக்குள் கை வைத்தபோது பாம்பு கடித்தது. எந்தப் பாம்பென்று அவள் காணவில்லை.

விஷகடி வைத்தியர் ஏரம்பு மருந்து கட்டிய பிறகு, அவள் புருஷன் யோகலிங்கத்தை முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

“சில வேளை விஷமில்லாமலும் இருக்கும். வீணா ஆட்டி அசைக்க வேண்டாம். சத்தமா வாசிக்கச் சொல்லுங்கோ. நாக்குத் தடக்கினாலோ, எழுத்துத் தெரியாட்டிலோ உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.”

இதை அவன் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயத்திலேயே போய்விடுவாள் என்று பயந்தான். வீட்டின் பின்புறம் வண்டியில் மாட்டைப் பூட்டி வைத்துவிட்டு வந்து அவள் முன்னால் குந்தினான்.

காடு வெட்டிக் காணி கொடுத்த அந்தக் குடியேற்றத்தில், அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். சாவகச்சேரியிலிருந்து அவள் கொண்டுவந்த, சிரிக்க வைக்கும் பகிடிக் கதைகள்.

பகிடியென்றாலும் கதைக்குக் கதை யாராவது செத்தார்கள்.

தன் மரண அறிவித்தலைப் பேப்பரில் பார்த்த ஒருவர், தன் செத்தவீட்டுக்கே போய், அழுகை போதாதென்று சண்டை பிடித்தார்.

யோகலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தை அவன் பார்க்கவேயில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சொல்லில் அவள் நின்றாள்.

அவன் பாதி எழுந்துவிட்டான்.

அவள் எச்சிலை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தாள். சொற்கள் தெளிவாகத்தான் வந்தன.

அடுத்த கதையில், சவப்பெட்டியைப் பிழையான வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். படுக்கையில் கிடந்த நோயாளி எழும்பி, “வெயிலுக்குள்ள சுமந்து வந்திருக்கிறியள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார்.

யோகலிங்கம் தன்னை மறந்து சிரித்துவிட்டான்.

அவளும் சிரித்தாள். தாளைப் புரட்டினாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

விஷமில்லை. விஷமென்றால் இவ்வளவு நேரம் வாசிப்பாளா? முதல் தடவையாக அவன் மூச்சை முழுதாக விட்டான். எழுந்துபோய் அவள் பக்கத்தில் இருந்து, புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

அந்தப் பக்கத்தில் பெட்டியுமில்லை, நோயாளியுமில்லை. புத்தகத்தின் கடைசித் தாள். ஒரு கூந்தல் தைல விளம்பரம்.

அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் முகத்தை நிமிர்த்தினான். இமைகள் திறக்கவில்லை. குனிந்து வாசிப்பவளின் இமைகள் தாழ்ந்துதானே இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தான்.

தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினான். கிளிநொச்சி ஆசுப்பத்திரி வரைக்கும் மாட்டை விரட்டினான். வழியில் அவள் பேச்சும் நின்றுபோனது.

ஊசி மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம்தான் அவளால் கண்ணைத் திறக்க முடிந்தது.

“எப்பயிருந்து எழுத்துத் தெரியேல்லை?”

“முதல் கதையிலயே எல்லாம் இரண்டு இரண்டாத் தெரிஞ்சது. அந்தப் புத்தகம் முழுக்க எனக்கு மனப்பாடந்தானே, சொல்லிக்கொண்டு போனனான்.”

“ஏனடியப்பா சொல்லேல்லை?”

“நீங்கள் நடுங்கிக்கொண்டிருந்தீங்கள். உங்கட பயம் தெளியத்தான் வாசிக்கச் சொல்லுறீங்களெண்டு நினைச்சன்.”