காதுக்குள் வந்த பாடம்

பனியன் ஆலைகள் நிறைந்த அந்த ஊரின் கல்லூரியில் ரெஜினா பொருளியலும் தரவுப் பகுப்பாய்வும் நடத்தினார். வகுப்பில் ஒடியா, இந்தி, அஸ்ஸாமி, தமிழ் எனப் பல மொழிப் பிள்ளைகள். எல்லோர் காதிலும் ஒரு கருவி இருந்தது. வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாமல், அவர் பேசுவதை அவரவருக்குப் புரியும்படி அதுவே சொல்லிவிடும்.

அன்று திரையில் ஆலைகளின் வரைபடம். லாபம் ஏறியிருந்தது, கூலி இறங்கியிருந்தது. ஏன் என்று கேட்டார்.

தையல் தொழிலாளியின் மகள் பிரவீணா எழுந்தாள். "வேலை செய்யறவங்க சோம்பேறியாயிட்டாங்க, மேடம்."

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நீங்கதானுங்க நேத்துச் சொன்னீங்க."

ரெஜினா அவளுடைய கருவியை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டு, "கூலியைப் பேசி வாங்கணும்" என்றார். அவருடைய குரலே காதுக்குள் கனிவாகச் சொன்னது: "கொடுக்கிற கூலியை வாங்கிக்கணும்."

ரெஜினா கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வகுப்பைப் பார்த்தார்.

"எல்லாரும் அதைக் கழட்டுங்க. இப்பவே கழட்டுங்க."

பிரவீணா வெறுங்காதோடு திகைத்து நின்றாள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் பணிவாகக் கையை உயர்த்தி, கருவியைக் காதுக்குள் இன்னும் ஆழமாக அழுத்திக்கொண்டார்கள்.