குனிந்து போகும் வாசல்

வாத்துப் பட்டியின் வாசலில் யானையே நிமிர்ந்து போகலாம், அவ்வளவு உயரம். இருந்தும் குளத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வாத்துகள் அங்கே வந்ததும் கழுத்தை வளைத்துக் குனிந்துதான் தாண்டும்.

செம்பிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. "எதுக்குக்கா குனியறோம்?" என்று முன்னால் போன வெள்ளச்சியைக் கேட்டாள்.

"எனக்கு முன்னால போறவ குனியறா. காரணமில்லாமலா குனிவா?"

எல்லோருக்கும் முன்னால் நடக்கும் கரியாத்தாவிடமே போய்க் கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? பின்னால இத்தனை பேரும் குனியறீங்க. நான் மட்டும் விறைச்சுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றாள் கரியாத்தா.

மறுநாள் காலை செம்பி நிமிர்ந்தபடியே வாசலைத் தாண்டினாள். உச்சந்தலையில் ஒரு தூசுகூடப் படவில்லை. ஆனால் அன்று குளத்தில் ஒருத்தியும் அவள் பக்கத்தில் நீந்தவில்லை. அவள் வந்தாலே பேச்சு நின்றது. நத்தை கிடக்கும் இடத்தை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. "பெரிய இவ" என்பது மட்டும் காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் அவளுக்குக் குளமே வெறுத்துவிட்டது.

திரும்பும்போது வாசல் வந்தது. செம்பி குனிந்தாள். காலையில் குனியாததற்கும் சேர்த்து, அலகு மண்ணில் உரசும்படி குனிந்தாள்.

இப்போது அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த வெள்ளச்சி, பக்கத்தில் இருந்தவளைச் சிறகால் இடித்தாள்.

"பாத்தியா? காலையில நல்லா மண்டையில இடிச்சிருக்கு. வெளிய சொல்ல வெட்கப்படறா."

அடுத்த நாளிலிருந்து எல்லா வாத்துகளும் அலகு மண்ணில் உரசும்படிதான் அந்த வாசலைத் தாண்டுகின்றன.