மீட்டர் பெட்டிக்குள் ஒரு சீட்டு

பிறந்தநாளுக்குப் புதையல் வேட்டை வைத்தால், ஒரு மாதமாகத் தன்னோடு பேசாத மகன் அகிலன் வாயைத் திறப்பான் என்று நம்பினான் சௌந்தரராஜன். முதல் குறிப்பை ஒளிக்க மீட்டர் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஏற்கெனவே ஒரு சீட்டு: ‘செருப்பு ஸ்டாண்டைப் பார்.’ அங்கே இன்னொன்று: ‘மொட்டைமாடித் தொட்டியைப் பார்.’

“எவன்டி என் உயிரை வாங்குறது?”

“கத்தாதீங்க. நாலு மணிக்குப் பிள்ளைங்க வந்துரும், நீங்க இன்னும் ஒண்ணுகூட ஒளிக்கலை,” என்றாள் மனைவி.

மூன்று மாடி ஏறி, தொட்டியடியில் கிடந்த சீட்டை எடுத்துப் பல்லைக் கடித்தபடி இறங்கினான். அது அகிலனின் அறைக்கதவில் கொண்டுவந்து விட்டது. கதவில் ஒட்டியிருந்தது கடைசிச் சீட்டு: ‘உள்ளதான் இருக்கேன். இனிமே அடிக்க மாட்டேன்னு சொல்லுங்கப்பா.’

தட்டுவதற்காக உயர்த்திய கையைப் பார்த்தபடியே அவன் நின்றான்.