ஏழாவது வாரம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஞாயிறுதோறும் மண்டபத்தில் கூடி மனம்விட்டுப் பேசினார்கள். கூட்டத்தை நடத்தியவன் ஜெயரூபன்.

“பயப்படாம சொல்லுங்க. இங்க எல்லாரும் சொந்தம்தான்” என்பான்.

குடிக்கும் கணவனைப் பற்றித் தனலெட்சுமி சொல்லி அழுதாள். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். சுகந்தினி மட்டும் ஆறு வாரமாக வாயே திறக்கவில்லை. ஆனாலும் கூட்டம் முடியும்போதெல்லாம் அவள் முகம் வெளிறிவிடும்.

ஏழாவது வாரம் தனலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் சொல்லுங்க தங்கச்சி.”

“எங்க வீட்டுக்காரரு அடிக்கிறாரு, அக்கா.”

எல்லோரும் ஜெயரூபனைப் பார்த்தார்கள்.

“கூட்டம் முடிஞ்சிருச்சு. வா, வீட்டுக்குப் போவோம்” என்று அவன் தன் மனைவி சுகந்தினியை அழைத்தான்.

தனலெட்சுமி பிடித்த கையை விடவில்லை.

“தங்கச்சி இன்னைக்கு எங்க லயத்து வீட்டுலதான் இருக்கும், சார்.”