ஜூஜுவாடிச் சாவடியில் ஒரு பாட்டில்

ஏட்டு பாட்டில் மூடியைத் திறந்து முகர்ந்ததும் கிழவர் ஆரோக்கியநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். குப்பென்று சாராய நெடி.

ஜூஜுவாடி சோதனைச் சாவடி. மைசூர்ப் பக்கத்துச் சரக்கு ஒரு சொட்டு, மதுவிலக்கு உள்ள இந்தப் பக்கம் வரக்கூடாது. ஏட்டு முனிவேல் கையில் சிக்கிய எதுவும் மண்ணுக்குத்தான் போகும். பெங்களூரிலிருந்து வந்த பஸ்ஸே இறங்கி வரிசையில் நின்றது.

"யோவ் பெருசு, சீக்காளிப் புள்ளைய முன்னால வுட்டுப் பின்னால சரக்கா?"

"மருந்துங்க சாமி, ஊத்திடாதீங்க. பேத்திக்கு முட்டியில கட்டி. இதக் குடிச்சாத்தான் கத்தாம தூங்குது."

பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் பேத்தி பவுலினா அசந்து கிடந்தாள். எட்டு வயது.

ஏட்டு மறுபடி முகர்ந்தார், மெதுவாக. ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். முகம் செத்துப்போயிற்று.

"டாக்டர் மறுபடி எப்ப வரச் சொன்னாரு?"

"வரவே வேணாம்னுட்டாருங்க!"

கிழவருக்குக் குரல் நிமிர்ந்தது. ஆறு மாதமாக வாராவாரம் கட்டி கரையக் கரண்டு வைக்கக் கூப்பிட்டு அலைக்கழித்த ஆஸ்பத்திரி. இன்றைக்கு, வலித்தால் இதைக் கொடு, கேட்டதைத் தின்னக் கொடு என்று அனுப்பிவிட்டது. அவ்வளவு தேறிவிட்டது. மாதா கோயிலுக்கு மொட்டைகூட நேர்ந்தாயிற்று.

ஏட்டு மூடியை இறுக்கிப் பாட்டிலைக் கொடுத்தார். டிரைவரிடம் போய், பள்ளம் பார்த்து ஓட்டு, குழந்தைக்கு அதிரக்கூடாது என்றார்.

காக்கிச்சட்டை கனிந்தால் எதையோ பிடுங்கப் போகிறது என்று அர்த்தம். கிழவர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஏட்டு சாவடிக்குள் போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வேறொரு பாட்டிலோடு வந்தார். அதே நிறம், அதே ஆஸ்பத்திரிச் சீட்டு. முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"உங்களுது பத்தாதுங்க. போகப் போக வலி ஜாஸ்தியாவும். இதையும் வெச்சுக்குங்க."

யோவ் என்று கூப்பிட்ட வாய் இப்போது 'ங்க' போட்டது. அதுதான் கிழவரைப் பயமுறுத்தியது.

"யாருதுங்க இது?"

"என் பொண்ணுது."

"பாப்பாவுக்கு வேணாங்களா?"

ஏட்டு ரோட்டைப் பார்த்தார்.

கிழவர் கையை நீட்டவில்லை. ஏட்டே அவர் விரல்களைப் பிரித்துப் பாட்டிலை வைத்து, ஒவ்வொரு விரலாக மூடிவிட்டார்.